அயலவரின் வளவும் நமது குப்பையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. சுத்தம் என்றதும் வுழூவும் குளிப்பும் உடையும் நமது நினைவுக்கு வருகின்றன. வீட்டுக் குப்பை எங்கே போய்ச் சேருகின்றது என்பதும் மார்க்கம் சார்ந்த கேள்வியே.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவருள் பெரும்பாலானோருக்குப் புகலிடம் தந்த மண் புத்தளம். கொழும்பின் குப்பையை அந்த மாவட்டத்து அறுவக்காட்டில் கொட்டும் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினார்கள். பிறர் சேர்த்த குப்பையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றே நாமும் சொன்னோம்.

அதே கேள்வியை நமது தெருவில் எவரேனும் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? இன்னும் திரும்பி வராத சகோதரரின் வளவு பாழடைந்து கிடக்கின்றது. இருட்டியதும் மதிலுக்கு மேலால் ஒரு பொலித்தீன் பை விழுகின்றது. மறுநாள் இரண்டு பைகள் விழுகின்றன. சில மாதங்களில் அவ்வளவு குப்பைமேடாகி விடுகின்றது. ஆளில்லாக் காணி உரிமையாளரில்லாக் காணியன்று. அது நமது கண்முன்னால் உள்ள அமானிதம்.

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகின்றோம். அழுகிய குப்பையின் சாறு அவ்வெடிப்புகளின் வழியே அடுத்த வீட்டுக் கிணற்றையும் அடையலாம். நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. மக்கள் நடமாடும் பாதையையும் நிழலையும் நீர்த்துறையையும் அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் திகதி வெளியான வர்த்தமானி, பொலித்தீன் உணவுத் தாள்களையும் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளையும் தடை செய்தது. பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதையும் தடுத்தது. குப்பையை உக்குவது, உக்காதது எனப் பிரித்துத் தருமாறு உள்ளூராட்சி மன்றங்கள் கேட்கின்றன. வண்டி ஒழுங்காக வராவிட்டால் சபையிடம் முறையிடுவது நமது உரிமை. ஆனால் அயலவரின் காணியில் எறிவதற்கு அது அனுமதியாகாது.

பெற்றோர்களே! “ஒருவரும் பார்க்காத நேரம் எறிந்துவிட்டு வா” என்று மகனிடம் பையைக் கொடுத்தனுப்பும் தந்தை, அல்லாஹ் பார்க்கின்றான் என்று பிள்ளை மத்ரஸாவில் கற்ற பாடத்தை அழிக்கின்றார். சமையற் கழிவை உங்கள் வளவிலேயே குழிவெட்டி மூடுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் பசளையாகும். போத்தலையும் கடதாசியையும் வேறாகச் சேருங்கள்.

இளைஞர்களே! பாழடைந்த ஒரு வளவைத் தெரிவு செய்யுங்கள். உரியவருக்குத் தொலைபேசியில் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றுத் துப்புரவு செய்யுங்கள். என்றோ ஒருநாள் அவர் வந்து படலையைத் திறக்கும்போது அவரை வரவேற்பது நமது குப்பையாக இருக்கக் கூடாது.

அயலவரின் உரிமையைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.