முற்றத்து முல்லையும் வாசலில் நிற்கும் வட்டிக்காரரும்

(உள்ளூர்க் கிளைகளின் ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



கட்டட வேலைக்குச் சென்ற கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிடுகிறார். மாலை ஆறு மணி. மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது இருநூறு ரூபாய். மனைவி எங்கே போவார்? வங்கி பூட்டியாயிற்று. கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வீடு திரும்பிவிட்டார். அண்ணனிடம் போன மாதம் வாங்கியதே இன்னும் திரும்பவில்லை. தெருமுனையில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆதார் அட்டை கேட்பதில்லை, காரணம் கேட்பதில்லை, நாளை வரச் சொல்வதுமில்லை. பத்து நிமிடத்தில் பணம் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு நம்பத்தக்க மனிதர் அந்த வட்டிக்காரரே. இதைப் புரிந்துகொள்ளாமல் கந்துவட்டிக்கு எதிராக ஆற்றப்படும் சொற்பொழிவுகள் காற்றோடு போய்விடும். ‘அவரிடம் ஏன் வாங்கினீர்கள்?’ என்று கடிந்துகொள்ளும் ஊழியரிடம் அந்தப் பெண் மறுமுறை வாய் திறக்கமாட்டார். கடன்பட்டவரின் வெட்கமே வட்டிக்காரரின் முதல் பாதுகாப்பு. அந்த வெட்கத்தைக் கூட்டுகிற எந்தச் சொல்லும், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், வட்டிக்காரருக்கே உதவுகிறது.

விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1951-52இல், கிராமப்புறக் கடன் பற்றிய அகில இந்திய ஆய்வொன்று ரிசர்வ் வங்கியின் முன்முயற்சியில் நடத்தப்பட்டது. உழவர்கள் பெற்ற கடனில் ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்காரர்களிடமிருந்து வந்ததென்றும், கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 விழுக்காட்டளவே என்றும் அது கண்டது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டுக் காலம் சட்டம் இருந்தது, சங்கங்கள் இருந்தன. பணம் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. பின்னர் 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975இல் வட்டார கிராமிய வங்கிகள் வந்தன. நிலைமை மாறியது. எனினும் 2019ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் மூன்றில் ஒரு பங்கு அப்போதும் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களுக்கு வெளியேதான் இருந்தது. ‘நிறுவனக் கடன்’ என்று எழுதப்படும் மீதியிலும் நுண்நிதி நிறுவனங்களின் கடன் கலந்திருக்கிறது. ஆதலால் அந்த எண்ணைக் கண்டு மகிழ்வதற்குமுன் சற்று நிதானிப்பது நல்லது.

நுண்நிதி என்னும்போது ஆந்திரத்தின் அனுபவத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கடைகள் மூடப்பட்ட பின், மிச்சமான பணத்தில் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் குழுக்கள் அம்மாவட்டத்தில் தோன்றின. தெலுங்கில் அதற்குப் ‘பொதுப்பு’ என்று பெயர். சேமிப்பு என்று பொருள். பெண்கள் தாமே சேர்த்த பணத்தைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்தார்கள். வட்டியும் குழுவுக்கே திரும்பியது. இப்படிப் பழகிய பெண்கள் மாநிலமெங்கும் பெருகினர். தனியார் நுண்நிதி நிறுவனங்கள் அங்கு காலூன்றியபோது அவற்றுக்கு விளைநிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. கூட்டமாக அமர்வதும், தவணை கட்டுவதும், ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதும் அப்பெண்கள் போராடிக் கற்றவை. அந்த நம்பிக்கையை நிறுவனங்கள் பிணையாக எடுத்துக்கொண்டன.

இங்கேதான் ஊழியர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டுமே ‘மகளிர் குழு’. சுயஉதவிக் குழுவுக்குச் சொந்தச் சேமிப்பு உண்டு, சொந்தக் கணக்கேடு உண்டு. ஒரு மாதம் ஒருவரால் கட்ட முடியாவிட்டால், பொறுப்பதா வேண்டாமா என்று குழுவே முடிவு செய்யலாம். நுண்நிதி நிறுவனம் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவுக்குப் பொது நிதி எதுவும் கிடையாது. ஐந்து பெண்களைச் சேர்த்து, ஒருவர் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வசூலுக்கு வந்த முகவர் பாயில் அமர்ந்துகொண்டு, முழுத்தொகையும் சேரும்வரை எழுந்திருக்கமாட்டார். அவர் யாரையும் திட்ட வேண்டிய அவசியமில்லை. வேலைக்குப் போக நேரமாகிறதென்று தவிக்கும் அண்டை வீட்டுப் பெண்ணே திட்டிவிடுவார். பக்கத்து வீட்டாரின் உறவு இடருக்கு உதவுவது. அதையே கடன் வசூலிக்கும் கருவியாக்கியதுதான் நிதி மூலதனம் கண்ட தந்திரம். தவணைக்காக இன்னொரு நிறுவனத்திடம் கடன், அதற்காக மூன்றாவது நிறுவனம் என்று ஒரே பெண்ணின் பெயரில் கடன் அடுக்கப்பட்டது.

2010 ஆகஸ்டில் நாட்டின் மிகப் பெரிய நுண்நிதி நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. நிறுவனங்கள் மாவட்ட அளவில் பதிவு செய்ய வேண்டும். பிணை கேட்கக் கூடாது. வாராந்தர வசூலுக்குப் பதில் மாதத் தவணை. வசூலை வீட்டு வாசலில் நடத்தாமல் பொதுவிடத்தில் நடத்த வேண்டும். மொத்த வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்றெல்லாம் அச்சட்டம் கூறியது. தொல்லை நின்றது. ஆனால் கடனுக்கான தேவை நிற்கவில்லை. பொதுத்துறை வங்கிகள் அந்த இடத்தை நிரப்ப விரைந்து வராததால், பலர் பழைய வட்டிக்காரரையே மறுபடி நாடினார்கள். தீய கதவை அடைப்பது பாதி வேலைதான். நல்ல கதவு அதே தெருவில் திறந்திருக்க வேண்டும்.

கேரளம் அத்தகைய கதவொன்றைத் திறக்க முயன்றது. 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ பற்றி இங்கு பலரும் அறிவர். பத்து முதல் இருபது குடும்பங்களின் பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். அயல்கூட்டங்கள் இணைந்து வார்டு அளவிலும் ஊராட்சி அளவிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளாகின்றன. வாரந்தோறும் ஏதாவதோர் உறுப்பினரின் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடக்கும். சேமிப்பு, கடன், நிலுவை எல்லாம் அனைவர் முன்னிலையிலும் ஏட்டில் ஏறும். இதில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

ஆயினும் குடும்பஸ்ரீ இருந்த ஊர்களிலேயே, ‘பிளேடு’ என்று மலையாளிகள் அழைக்கும் வட்டித் தொழில் ஓயவில்லை. காரணம் அந்த மாலை ஆறு மணிதான். அவசரத்துக்குக் கையில் பணம் வேண்டும். இதை உணர்ந்து 2018இல் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் குடும்பஸ்ரீ குழுவுக்கு 9 விழுக்காடு வட்டியில் பணம் தரும். குழு அதை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்று 12 விழுக்காட்டில் சிறு கடனாகக் கொடுக்கும். தவணையையும் வாரந்தோறும் வாசலில் வந்தே பெற்றுக்கொள்ளும். தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை கடன். திட்டத்தின் பெயர் ‘முற்றத்தெ முல்ல’. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது பழமொழி. அருகிலிருப்பதன் அருமை தெரிவதில்லை என்பது அதன் கருத்து. அந்தப் பழமொழியையே தலைகீழாக்கி வைத்த பெயர் அது.

வட்டிக்காரரின் கணக்கோடு இதனை ஒப்பிட்டுக் காட்ட ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வசூலிப்பதை எடுத்துக்கொள்ளலாம். ‘பதினைந்து விழுக்காடுதானே’ என்றே பலரும் நினைக்கிறார்கள். கையில் கிடைத்தது 8,500. நாளும் கட்டிக் கரைவதால், நூறு நாளுக்கும் சராசரியாகக் கையிலிருந்த கடன் ஏறக்குறைய 4,300 ரூபாய்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 125 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடுவதைவிட, அந்தப் பெண்ணின் அருகில் அமர்ந்து அவருடைய சொந்தத் தொகையை வைத்தே போட்டுக் காட்டுவது பயன் தரும்.

அண்மையில் உள்ளது, அரசின் பெயர் தாங்கியது என்பதற்காகவே ஒன்று நம்பத்தக்கதாகிவிடாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்சரிவில் அழிந்தன. உயிர் தப்பியோருக்கு மாநில அரசு அவசர உதவியாக 10,000 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்தியது. வங்கி ஒன்று அந்தப் பணத்திலிருந்தே பழைய கடனின் மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டது. மக்கள் கொதித்தெழுந்து போராடிய பிறகே அது திருப்பித் தரப்பட்டது. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததில்லை, கணினி தானாகப் பிடித்துவிட்டது என்பார்கள். இருக்கலாம். அதே நாட்களில் கூட்டுறவுத் துறையின் கேரள வங்கி, தன் சூரல்மலைக் கிளையில் கடன் பெற்று உயிரிழந்தோர், வீடும் உடைமையும் இழந்தோர் ஆகியோரின் கடனைத் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது. அந்த முடிவைக் கணினி எடுக்கவில்லை.

கூட்டுறவு என்றாலே தூய்மை என்றும் சொல்லிவிட முடியாது. திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் கூட்டுறவு வங்கியின் முறைகேடு 2021இல் வெளிப்பட்டது. இடதுசாரிகள் நிர்வாகத்தில் இருந்த வங்கி அது. வாழ்நாள் சேமிப்பை அங்கு வைத்திருந்த முதியோர், மருத்துவச் செலவுக்குக்கூடத் தம் பணத்தை எடுக்க இயலாமல் வாசலில் நின்றார்கள். இதனைச் சாக்காக்கிக் கூட்டுறவுத் துறையையே தனியாருக்குப் பலியிட நினைப்போர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதில், வாசலில் நின்ற முதியவருக்குச் சொல்லும் பதிலாகாது. கொடியைப் பார்த்து நம்பிப் பணம் போட்டவரிடம், எதிரிகளின் சதி என்று மட்டும் கூறிவிட்டு நகர்ந்தால், அடுத்த முறை அவர் தெருமுனை வட்டிக்காரரையே நம்புவார். கணக்கேட்டை உறுப்பினர் பார்க்க முடிகிறதா, ஆண்டுப் பொதுக்குழுவில் கேள்வி கேட்டவர் பதில் பெறுகிறாரா என்பதே அளவுகோல். அயல்கூட்டத்துக்கும் கூட்டுறவு வங்கிக்கும் இந்த அளவுகோல் ஒன்றுதான். கட்சிக்காரர் தலைவராக இருக்கும் சங்கத்துக்கும் இதுவே.

சட்டம் தரும் துணையைப் பற்றிச் சில சொற்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, நுண்கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடனட்டையும் விவரத் தாளும் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்கு அழைத்துத் தொல்லை தரக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் இல்லை. அதே நெறிமுறை பழைய வட்டி உச்சவரம்பை நீக்கிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலிகளில் கடன் தருவோர், கடன் பெறுபவரின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதி உண்டு. மிரட்டல் வந்தால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

இவற்றைவிட ஊழியர்கள் குறைவாகப் பயன்படுத்துவது இலவசச் சட்ட உதவி. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம். பெண் என்பதே போதுமான தகுதி. வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் சட்டப் பணிக் குழுக்கள் உள்ளன. 15100 என்ற எண் நாடெங்கும் பொதுவானது. கடனுக்காக ஒரு குடும்பம் செங்கற்சூளையிலோ பண்ணையிலோ கட்டுண்டு கிடக்குமானால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அக்கடனையே இல்லாததாக்குகிறது. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது ஒருவர் துணைக்குப் போக வேண்டும். தனியாகப் போன மனுவுக்கும் நால்வரோடு போன மனுவுக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் நாற்காலியே வேறு.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் ஒரு குறிப்பேடு கொண்டுவர வேண்டும். தன் பகுதியில் கணக்கேடு ஒழுங்காக இருக்கும் குழுக்கள் எவை, கூட்டுறவுச் சங்கம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, நகைக்கடனுக்கு அங்கு என்ன வட்டி, அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் கவனிக்கும் ஊழியர் எங்கே அமர்கிறார், சட்டப் பணிக் குழு எந்தக் கட்டடத்தில், எந்த நாளில் இயங்குகிறது, மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைத்தால் கிளம்பி வரக்கூடிய இரண்டு தோழர்கள் யார் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்த இருவருடைய பெயரை எழுதுவதற்குமுன் அவர்களைக் கேட்டுக்கொள்ளவும்.