ஃபோக்: வேரோடு போகும் புதர்



பாலைவனத்தில் செடி குறைகிறது என்றதும் மழை பொய்த்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் வளரும் ஃபோக் புதரைப் பொறுத்தவரை அது தவறான முடிவு. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஜெய்சால்மர் மணலில் தலைமுறை தலைமுறையாகத் தழைத்த செடி அது. வறட்சி அதற்குப் புதிதல்ல. மண்வெட்டியும் டிராக்டரும் வாய்க்கால் தண்ணீரும்தான் புதியவை.

ஏறக்குறைய ஆளுயரப் புதர். இலை பொடியாகத் தோன்றிச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். பச்சைக் குச்சிகளே உணவு தயாரிக்கும். மாசி, பங்குனியில் கொத்துக் கொத்தாக மொட்டு விடும். பெண்கள் அதைப் பறித்து உலர்த்தி, தயிரில் கலந்து ராய்த்தா செய்வார்கள். ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் இது தீனி. காயின் மேலெல்லாம் முள்மயிர். காற்றடித்தால் அது மணலில் உருண்டோடி, எங்கோ ஓர் ஒதுக்கில் தங்கும்.

ஆனால் இந்தச் செடியின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மணலுக்குள் நாலாபுறமும் வெகுதூரம் ஓடும் வேர்களே மணல்மேட்டை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த வேர்தான் அதற்கு எமனாகவும் ஆனது. ஃபோக் வேர்க்கரி கடும் வெப்பம் தருவதால் கொல்லர் உலைகளில் அதற்குக் கிராக்கி. வேரைத் தோண்டி விறகாக நகரங்களுக்கும் அனுப்பினார்கள். கிளையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் கதை முடிந்தது. வீட்டு அடுப்புக்குச் சுள்ளி ஒடித்தவர்களையும் வேரைத் தோண்டி விற்ற வணிகத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பழிப்பது நியாயமல்ல.

உழவும் மாறியது. ஒட்டகம் பூட்டிய மரக்கலப்பை புதரைச் சுற்றிக்கொண்டு போகும். கம்பு, மோத் பயறு விளைந்த வயலிலேயே ஃபோக்கும் போர்டி என்னும் காட்டு இலந்தையும் இருந்தன. டிராக்டரின் வட்டுக்கலப்பை அப்படி ஒதுங்கிப் போவதில்லை. அடிக்கட்டையை அறுத்து வேரைப் புரட்டிவிடுகிறது. முன்பு தரிசாகக் கிடந்து புதர் மீண்டும் தழைத்த நிலங்களும் இப்போது ஓய்வின்றி உழப்படுகின்றன.

அடுத்தது தண்ணீர். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளும் இந்திரா காந்தி கால்வாயின் பணி 1958-இல் தொடங்கியது. அது லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கால்வாய்ப் பாசனத்துக்காக மணல்மேடுகள் சமப்படுத்தப்பட்டன. ஃபோக் இருந்த இடத்துக்குக் கோதுமையும் கடுகும் வந்தன. சில பகுதிகளில் நீர் தேங்கி நிலம் உவர்த்தது. பறக்கும் மணல் கால்வாயைத் தூர்க்காமலிருக்கக் கரைநெடுகத் தைல மரமும் இஸ்ரேலிக் கருவேலும் நட்டார்கள். மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் கூலியின்றிச் செய்துவந்த உள்ளூர்ச் செடியை ஒருபுறம் இழந்துகொண்டே, அதே வேலைக்கு அயல் மரங்களைக் கொண்டுவந்தோம். இது என்னை இன்றும் வருத்துகிறது.

ஃபோக்கின் இந்தச் சரிவு உடனே கண்ணில் படாது. மூத்த புதர்கள் நின்றுகொண்டிருக்கும். அருகில் ஒரு கன்றும் இராது. முளைக்கிற நாற்று வேரூன்ற அடுத்தடுத்து மழை வேண்டும், ஆட்டின் வாய்க்குத் தப்பவும் வேண்டும். புதர்களை எண்ணப் போகிற மாணவர்கள் கன்றுகளைத் தனியாக எண்ண வேண்டும்.

இன்னும் ஃபோக் எஞ்சியிருக்கும் இடங்களில் ஓரண்கள் முக்கியமானவை. நம் கோயில்காடுகளைப் போல ஊர்த்தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட பொதுநிலங்கள் அவை. அங்கே கோடாரி படக்கூடாது என்பது வழக்கம். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பல ஓரண்கள் அரசுத் தரிசு என்றே இருக்கின்றன. அதனால் சூரிய மின் திட்டங்களுக்கு எளிதாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றை ஓரண் என்றே பதிவு செய்யக் கோரி ஜெய்சால்மர் மக்கள் ஊர் ஊராக நடந்து போராடி வருகிறார்கள். ஃபோக்கைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் ஆதரிக்க வேண்டியது அந்தக் கோரிக்கையைத்தான்.