நுந்தா விளக்கும் திறந்த மென்பொருளும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி சிலம்பைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ பேசுவாள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அறிவியல் ஆய்வுக்கென எழுதப்படும் சிறு மென்பொருள்களுக்கு யார் பொருள் தருவது என்னும் வினாவை நான் எடுத்துக்கொண்டது கண்டு செயலாளரே சற்றுத் திகைத்தார். ஆயினும் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நம் கல்வெட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

என் மேற்பார்வையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி சங்கப் பாடல்களின் சொல்லடைவைக் கணினியில் தொகுத்து வருகிறாள். எந்தத் திணையில் எச்சொல் மிகுகிறது என்பதை அவள் வரைபடமாக்கிக் காட்டினாள். அதனை வரைந்த மென்பொருளுக்கு விலை இல்லை என்றும், அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்றும் கூறினாள். இதுவே திறந்த மூல மென்பொருள் எனப்படுவது. "அப்படியானால் இதை எழுதியவர் எப்படிச் சாப்பிடுகிறார், அம்மா?" என்று கேட்டாள். அக்கேள்வியே என்னை இங்கு நிறுத்தியிருக்கிறது.

அவள் பயன்படுத்தியது மேட்பிளாட்லிப் என்னும் மென்பொருள். சிகாகோவில் நரம்பியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜான் ஹண்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் படமாக்கிக் காண வேண்டித் தாமே எழுதத் தொடங்கியது அது. 2003இல் உலகுக்கு வழங்கினார். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நேர்ந்த சிக்கலால், தம் 44ஆம் அகவையில் மறைந்தார். தாம் வகுத்த பணியைத் தொடர ஆள்கள் இருந்தமையால் மேட்பிளாட்லிப் பிழைத்தது. ஒருவரை மட்டுமே நம்பி நிற்கும் மென்பொருள்கள் எத்தனையோ. அவற்றை எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றாலே போதும், அவற்றின் கதை முடிந்துவிடும்.

எண்களை அணிகளாக அடுக்கி விரைந்து கணக்கிடும் நம்பை என்னும் நிரல்தொகுதியின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த டிராவிஸ் ஆலிஃபண்ட், தனித்தனியே வளர்ந்திருந்த இரண்டு நிரல்தொகுதிகளை 2005இல் ஒன்றாக்கினார். 2006இல் முதற்பதிப்பு வெளிவந்தது. தம் உழைப்புக்கு ஈடாகக் கையேடு ஒன்றை எழுதி விலைக்கு விற்றார். நூல் விற்று மென்பொருளைக் காத்தவர் என்னும் செய்தி எழுத்தாளர் நிறைந்த இவ்வவைக்கு நகைச்சுவையாகப் படலாம். நூல் விற்று நம்மையே காத்துக்கொள்ள இயலாதவர் நாம்! 2015இல் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த ஆய்வுக்கும் நம்பை துணை நின்றது. ஆயினும் அதனை வளர்ப்பதற்கென்றே பெருந்தொகை முதன்முதலாகக் கிடைத்தது 2017இல்தான். மூர், சுலோன் என்னும் இரண்டு அறக்கட்டளைகள் ஏறத்தாழ 13 இலட்சம் டாலர் வழங்கின.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில் கருந்துளையின் முதற் படம் வெளியானதை நாளிதழ்களில் கண்டிருப்பீர்கள். அப்படத்தை ஆக்கியதில் இம்மென்பொருள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே திங்களில் இம்மென்பொருள்களுக்கு நிதி கேட்ட விண்ணப்பம் ஒன்றை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்தது என்றும், போதிய தாக்கம் இல்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது என்றும் 'நேச்சர்' இதழ் எழுதிற்று.

இதனைக் கொடியவர் செயல் என்று நான் கருதவில்லை. புதியது படைப்பதற்குப் பொருள் தருவது எங்கும் உள்ள வழக்கம். படைத்ததைப் பேணுவதற்குத் தருவார் அரியர். ஆனால் மென்பொருளும் ஓலைச்சுவடியைப் போன்றதே, பெயர்த்தெழுதாவிடில் செல்லரித்துவிடும். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. 2024 சூனில் நம்பையின் இரண்டாம் பெரும்பதிப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இவற்றைச் சார்ந்து நிற்கும் சிறு மென்பொருள்களை எவரேனும் அமர்ந்து திருத்தியாக வேண்டும். அப்பணியால் ஆய்வுக்கட்டுரை பிறவாது. பதவி உயர்வும் வாராது.

இனிக் கல்வெட்டுக்கு வருகிறேன். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்த ஆடு சாகும், குட்டி அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. ஆகவே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். விளக்கு செய்தவரைவிட நெய்க்கு வழி செய்தவரையே கல் மிகுதியாகப் பேசுகிறது. முதல் அப்படியே நிற்க, வருவாயைக் கொண்டு அன்றாடச் செலவை நடத்தும் இந்த ஏற்பாட்டை, மூன்றாண்டுத் திட்டத்தோடு முடிந்துபோகும் நல்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2012இல் அமெரிக்காவில் தோன்றிய நம்ஃபோகஸ் என்னும் அமைப்பை இவ்வகையில் பாராட்டுவேன். சிறு மென்பொருள் குழுவுக்குச் சட்டப்படியான உருவம் இல்லை. வங்கிக் கணக்கும் இல்லை. கொடுப்பவர் இருந்தாலும் வாங்கக் கை இல்லை. அவ்வமைப்பு நன்கொடையைப் பெற்றுக் கணக்கு வைத்து உரியவரிடம் சேர்க்கிறது; சில ஆயிரம் டாலர் அளவிலான சிறு நல்கைகளையும் வழங்கிவந்துள்ளது. சிறு தொகை என்று இகழ வேண்டா. முடங்கிக் கிடக்கும் பிழைத்திருத்தம் ஒன்றை முடிக்க ஒருவர்க்கு இரண்டு திங்கள் ஓய்வு கிடைப்பதே பெரிது. பணத்தாலும் கேடு உண்டு. பத்துப் பேர் அன்பினால் செய்யும் பணியில் ஒருவர்க்கு மட்டும் ஊதியம் வந்தால் மற்றவர் மனம் சுருங்கும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. முப்பரிமாண அறிவியற் படங்களை உருவாக்கும் 'மாயாவி' என்னும் திறந்த மென்பொருள், பிரபு ராமச்சந்திரன் அவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் எழுதத் தொடங்கியதேயாகும். அடையாற்றங்கரையை அடுத்துப் பிறந்து உலக ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது.

பொறியியற் கல்லூரி ஆசிரியர் சிலர் இவ்வவையில் உள்ளீர்கள். விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தும் துறைகள், அதில் நூற்றுக்கு இரண்டு பங்கேனும் தாம் விலையின்றிப் பயன்படுத்துவனவற்றின் பேணலுக்கு ஒதுக்கலாகாதா? வாங்காத பொருளுக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று தணிக்கையாளர் கேட்பார் என்பீர்கள். நியாயமான கேள்வி. நன்கொடைக்குச் சீட்டுத் தரும் அமைப்பு வழியாகச் செலுத்தினால் அத்தடை பெரிதும் நீங்கும். ஆடு பெற்றவர் பெயர், ஆட்டின் தொகை, அளக்க வேண்டிய நெய் ஆகியவற்றைக் கல்லிலேயே எழுதி வைத்தவர்களின் வழிவந்த நமக்குக் கணக்கு எழுதுவது புதிதன்று. அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்வைக்குமாறு உங்களை வேண்டுகிறேன். வரைவு எழுதுவதில் உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.