உடலுக்குள் வைக்குமுன்



நாடியையும் உடல் வெப்பத்தையும் அளக்கும் சிறு கருவியை நம் தாமிரபரணிக் கரை வாலிபர்கள் இன்று வீட்டிலேயே செய்துவிடலாம். அதை நோயாளியின் தோலுக்கடியில் வைத்தால் என்ன என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்.

2013-ல் டிம் கேனன் என்ற அமெரிக்கர், நண்பர்களோடு தாமே செய்த அப்படிப்பட்ட கருவியை, மருத்துவர் இல்லாமலே தம் முன்கைக்குள் வைத்துக்கொண்டார். அது வெப்ப அளவைக் கைப்பேசிக்கு அனுப்பியது. சுமார் மூன்று மாதத்தில் அதை எடுத்துவிட்டார். உடலின் உள்ளே உப்புநீர். உறையில் மயிரிழை விரிசல் போதும், பேட்டரியின் நஞ்சு கசிந்துவிடும்.

நம் பகுதி இதய நோயாளிகள் நாடிப்போகும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தைப் பாருங்கள். டாக்டர் வலியத்தான் குழுவினர் செய்த இதய வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றின் நீலக்கல் தட்டு, சோதனைக்கு வைத்த செம்மறியாட்டுக்குள் உடைந்தது. பிளாஸ்டிக் தட்டு வைத்த நான்காவது மாதிரியே 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

வாலிபரை நாம் தடுக்கவில்லை. முதலில் தோலின்மேல் கட்டிப் பார்க்கட்டும். காணிக்கை தரும் நீங்களும், "எப்போது முடியும்?" என்பதோடு, "எத்தனை முறை சோதித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். தோற்ற மாதிரிக்குச் செலவான பணம் வீணல்ல. அது ஓர் உயிரைக் காத்த பணம்.