கிட்டாருக்குக் கிடைத்த பாடு



பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிப்பவர்களிடம் ‘பாடு’ என்றொரு சொல் உண்டு. கஷ்டம் என்ற பொருளில் அல்ல. அது அவர்களுக்குத் தனியாகவே நிறைய இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாதே! அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களில் உரிமை உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று இந்த இடம் உங்கள் பாடு. நாளை இன்னொருவர் பாடு.

ஜாஸ் கிட்டாரைப் பற்றிப் பேசச் சொன்னால் இறாலில் ஆரம்பிக்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஜாஸ் நடப்பதும் ஏறக்குறைய இந்தப் பாடு முறையில்தான். முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டை வாசிப்பார்கள். பிறகு அதே சுற்று திரும்பத் திரும்ப வரும். சாக்சஃபோன்காரர் தன் சுற்றில் கற்பனையைக் கொட்டிவிட்டு ஒதுங்குவார், டிரம்பெட்காரர் எடுத்துக்கொள்வார்.

இந்த வரிசையில் கிட்டாருக்கு மட்டும் பாடு கிடைப்பது அரிதாக இருந்தது. சத்தம் போதவில்லை, அவ்வளவுதான். 1920-களில் கிப்சன் கம்பெனி வயலினைப் போலப் புடைத்த முகமும் எஃப் வடிவத் துளைகளும் வைத்து எல்-5 கிட்டாரைச் செய்தது. ஊதுகருவிகள் முழங்கும்போது அதுவும் தாளத்துக்குத் துணை போகத்தான் உதவியது.

நிலைமையை மாற்றியது ஒரு காந்தம். காந்தத்தோடு செம்புக் கம்பிச் சுருளைச் சேர்த்து, எஃகுத் தந்திகளுக்கு அடியில் பொருத்தினார்கள். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கும். 1936-ல் கிப்சனின் இஎஸ்-150 என்ற மின்கிட்டார் வந்தது. 1939-ல் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் மின்கிட்டாரோடு பென்னி குட்மனின் ஜாஸ் குழுவுக்குள் நுழைந்தார். சாக்சஃபோன்காரர் மூச்சுப் பிடித்து ஊதுவதுபோல நீள நீளமாக வாசித்தார். 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 25.

அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே சாதகம் செய்தவர் வெஸ் மான்ட்கோமரி. அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் முறையிட்டதால், மீட்டும் வில்லையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் வாசித்துப் பார்த்தார். பஞ்சு போன்ற அந்த நாதமே அவருக்கு அடையாளமாகிவிட்டது. அந்த அண்டை வீட்டாரைத்தான் யாரும் பாராட்டவில்லை!

நம் சங்கீதத்தில் சுரத்தை வளைக்கும் கமகத்துக்கோ, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகள் இடைஞ்சல். 1970-களில் விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சீவிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். விரல் மரத்தில் தட்டாது. தந்தியை இழுத்தால் சுரம் வளையும். நம் பிரசன்னாவோ, சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்பு படித்துவிட்டு, கிட்டாரில் கர்நாடக சங்கீதமும் ஜாஸும் வாசிக்கிறார்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் வேறொருவர். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன். 1937-ல் சேர்ந்து 1987-ல் காலமாகும்வரை, தனக்கென்று ஒரு பாடு அநேகமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தந்திகளை மெட்டுகளுக்கு வெகு உயரத்தில் கட்டி, மின்சாரம் இல்லாமல், அடிக்கு ஒரு வீச்சாக வாசித்தார். இசைத்தட்டில் அவரைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். டிரம்ஸோடு டிரம்ஸாகக் கலந்திருப்பார். இன்று இரவு ஒருமுறை தேடிக் கேட்டுப் பாருங்கள்.