உள்ளங்கையில் ஒட்டும் பொடி
(வானொலி மறையுரை: தவக்காலம், முதல் வாரம்)



கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கிவிடும். உள்நாட்டிலிருந்து கேட்பவர்கள் அடுத்த முறை வேளாங்கண்ணிக்கோ கன்னியாகுமரிக்கோ போகும்போது செய்து பாருங்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கும் பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு தேய்ப்புத் தேயுங்கள். கையை எடுத்துப் பார்த்தால் சாக்பீஸ் பிடித்த வாத்தியார் கை மாதிரி இருக்கும். நீல வள்ளம் என்றால் வெளிர்நீலப் பொடி, சிவப்பு வள்ளம் என்றால் ரோஸ் நிறப் பொடி.

அது என்ன பொடி? தூசி என்று நினைப்போம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று நினைப்போம். கழுவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை வள்ளம் புதிதுபோல் பளபளக்கும். பத்து நிமிடம் வெயில் பட்டுக் காய்ந்ததும் பழையபடி வெளுத்துப்போய் நிற்கும். மறுபடி தேய்த்தால் மறுபடி பொடி.

ஏனென்றால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல. ஃபைபர் வள்ளம் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பிசினில் ஊறவைத்து அடுக்கடுக்காகச் செய்வது. அதன் வெளிப்புறத்தில் நிறம் கலந்த பிசின் பூச்சு ஒன்று இருக்கிறது. ஜெல்கோட் என்கிறார்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதுதான் வள்ளத்தின் தோல். ஆண்டுக்கணக்காக வெயில் குடித்து, உப்புக்காற்றும் ஈரமும் பட்டு, அந்தத் தோலே மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் பொடியாகிறது. உங்கள் கையில் ஒட்டுவது வள்ளமேதான்.

அன்பர்களே, தவக்காலம் வந்ததும் "பாவம்" என்ற சொல்லை அதிகம் கேட்கிறோம். கேட்டதும் பாறையில் மோதியது, புயலில் உடைந்தது, இப்படிப் பெரிய சேதங்களைத்தான் தேடுகிறோம். "ஃபாதர், நான் யாரையும் கொல்லவில்லை, களவு செய்யவில்லை, என்னத்தைப் பாவசங்கீர்த்தனம் செய்ய?" என்று கேட்பவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வள்ளம் எந்தப் பாறையிலும் மோதவில்லை. ஆனால் கையை வைத்துத் தேய்த்தால் பொடி வரும். இருபத்தைந்து ஆண்டு ஒரே வீட்டில் இருந்து, பெரிய சண்டை ஒன்றும் இல்லாமலே, "சாப்பாடு வை", "கரண்ட் பில் கட்டியாச்சா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லாமல் போன கணவன் மனைவியை எனக்குத் தெரியும். ஜெபமாலையை ஐம்பத்து மூன்று மணியும் தவறாமல் உருட்டிவிட்டு, என்ன கேட்டோம் என்று தெரியாமல் எழுந்து போகிறவர்களையும் தெரியும். இதில் குருக்களாகிய எங்களுக்கு விலக்கு ஏதும் இல்லை. எந்த ஒரு நாளையும் குறை சொல்ல முடியாது. நாள்பட்ட வெயில்தான்.

பொடி பூத்த வள்ளத்துக்கு நம் கரையில் வழக்கமாகச் செய்வது மேலே ஒரு பெயிண்ட். கோவில் திருவிழா வருகிறது, அல்லது வள்ளத்தை விற்க வேண்டும், அவசரமாக ஒரு கோட்டிங் அடித்துவிடுவது. இரண்டு நாளுக்கு அழகாக இருக்கும். ஆனால் பொடியின்மேல் அடித்த பெயிண்டுக்குப் பிடிமானம் பொடிதானே? அது உதிரும்போது பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு உதிரும். மெழுகு தடவுவதும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றியதுபோல் கொஞ்ச நாள் மினுங்கும், அவ்வளவுதான். வாங்கியவன் ஒரு மாதம் கழித்து வந்து சண்டை போடுவான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் எங்கள் மக்களுக்கு மறக்காது. எச்சரிக்கை வந்து சேருமுன் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் எத்தனை பேர்! இந்தப் பையனின் தந்தை அப்போது வேறொருவருடைய விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தார். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருடைய சொந்த வள்ளம், முப்பதடி நீளம், நீல நிறம், சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் நம் கரையெல்லாம் நிறைந்தபோது வந்தது, கரையிலேயே கிடந்தது. எஞ்சினை விற்றார்கள். வள்ளத்தை விற்க அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை. மேலே போட்ட தார்ப்பாய் கிழிந்து ஒரு பக்கம் முழுக்க வெயில் தின்றுவிட்டது.

பையனுக்கு இருபது வயதானபோது, தொழிலுக்குப் போக வேண்டும், அப்பாவின் வள்ளத்தையே எடுக்கிறேன் என்றான். அதுவரை அவன் ஒரு வள்ளத்தைத் தேய்த்ததில்லை. அவனுடைய தாய்மாமன் துபாயில், பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவர்தான் வீடியோ காலில் வாத்தியார். "பெயிண்ட் அடிக்காத மக்கா. உள்ளுக்கு நல்ல நீலம் இருக்கு. தேச்சி எடு" என்றார்.

எப்படிச் செய்தான் என்று கேளுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். உப்புப் படிகம் ஒன்று மாட்டினாலும் தேய்க்கும்போது கீறிவிடும். பிறகு பின்பக்க மூலையில், யார் கண்ணிலும் படாத ஒரு சாண் இடத்தில் மட்டும் சோதனை. எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டு விட்டு. அதன்பின் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும். முந்தைய தாள் போட்ட கீறலை அடுத்த தாள் எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் அந்தக் கீறல் கடைசியில் பளபளப்புக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். பிறகு ரப்பிங் காம்பவுண்டு, கம்பளி வட்டு மாட்டிய பாலிஷ் மெஷின். பக்கத்து வெல்டிங் கடையில் கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். மாமன் தலையில் அடித்துக்கொண்டார். கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். இந்த வேலைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு போதும். "ஒரே எடத்துல நிக்காத. நகத்திக்கிட்டே இரு. சூடாச்சின்னா கருகிரும்."

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டடிக்கு இரண்டடியாகச் சில கட்டங்கள். முதல் நாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை என்றான். ஆனால் அந்த முதல் சாண் இடத்தைத் துடைத்துப் பார்த்தபோது, அவன் சிறுவனாக இருக்கையில் பார்த்த அதே நீலம்.

தாய் என்னிடம் வந்தது அதற்கு மறுநாள். மகிழ்ச்சியாக வரவில்லை. "ஃபாதர், முன்னால அவரு கையால எழுதுன பேரு இருக்கு. இவன் தேச்சா அதும் போயிரும்லா?"

வள்ளத்தின் முன்பக்கம் அந்தோணியார் பெயரும் பிள்ளைகள் பெயரும் அந்த மனிதர் தூரிகை பிடித்து எழுதியிருந்தார். எழுத்து அப்படியொன்றும் அழகில்லை. அதுவும் வெளுத்துத்தான் போயிருந்தது. அவருக்குக் கல்லறை கிடையாது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தக் குடும்பம் கடலைப் பார்த்து ஏற்றும். அவர் கை பட்டதாக மிஞ்சியிருப்பது அந்த எழுத்து.

நான் பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் ஏற்கெனவே யோசித்திருந்தான். எழுத்தைச் சுற்றிச் சதுரமாக டேப் ஒட்டி, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்தான். இப்போது நீல வள்ளத்தின் முன்னால் வெளுத்த சதுரம் ஒன்று தெரிகிறது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "வேலை தெரியாதவன் விட்டுட்டான்" என்றார்கள். என்னைக் கேட்டால் அவன் செய்தது சரி. எது வெறும் பொடி, எது பொடியாகிப்போன அன்பு என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனம் திரும்புகிறேன் என்று சொல்லிப் பழையது எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சுரண்டியெறிகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

இதில் இன்னொன்று உண்டு. அரை மில்லிமீட்டர் என்று சொன்னேன். தேய்க்கும்போது செத்த தோலோடு உயிருள்ள தோலிலும் கொஞ்சம் போகும். வெறி வந்ததுபோல் தேய்த்தால் பூச்சு தீர்ந்து கண்ணாடி இழை வெளியே தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்கும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறவர்களில் சிலர் மன்னிக்கப்பட்ட ஒரே பாவத்தை இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆண்டவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்து எவ்வளவோ காலமாயிற்று, இவர்கள் மெஷினை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளைகளின் ஒரு தவற்றைப் பிடித்துக்கொண்டு சோற்றிலும் சொல்வது, விருந்தாளி முன்னாலும் சொல்வது என்று இருக்கும் பெற்றோரும் அப்படியே. குற்றம் உண்மையாகவே இருக்கலாம். பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்காகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடலாம் என்று சொல்ல வரவில்லை. குருமடத்தில் எங்களுக்குக் கற்றுத் தந்த ஒரு வேறுபாடு இங்கே உதவும். அருளடையாளத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது, முழுமையாக. ஆனால் பாவம் உண்டாக்கிவிட்டுப் போன சீர்குலைவு அந்த நிமிடமே சரியாகிவிடுவதில்லை. அதற்குத்தான் பரிகாரம். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி முடித்ததும் கணக்குத் தீர்ந்தது என்று எழுந்து போகிறோம். பேச்சு நின்றுபோன அண்ணனிடம் மறுபடி பேசத் தொடங்குவது எண்ணூறாம் நம்பர் தாள். அவன் முகம் கொடுக்காவிட்டாலும் அடுத்த வாரமும் போவது ஆயிரமாம் நம்பர். தோள்பட்டை வலிக்கத்தான் செய்யும்.

நம் ஆண்டவருக்குப் படகு புதிதல்ல. கெனசரேத்து ஏரிக்கரையில் சீமோனின் படகில் ஏறி அமர்ந்து அவர் கற்பித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் கிடைக்காத படகு அது. அந்த ஏரியில் 1986-ஆம் ஆண்டு வறட்சியில் நீர் வடிந்தபோது, ஏறக்குறைய இயேசு வாழ்ந்த காலத்துப் படகு ஒன்று சேற்றிலிருந்து கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். ஆராய்ந்தவர்கள் அதில் பலவகை மரத்துண்டுகளைக் கண்டார்கள். பழைய படகுகளிலிருந்து எடுத்த பலகைகள், ஒட்டுப்போட்ட இடங்கள், மாற்றிய இடங்கள். வசதியில்லாத மீனவர்கள் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டிய படகு. அது பேதுருவின் படகு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஏறி அமர்ந்த படகும் இதைவிடப் புதிதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேய்த்து முடித்த வள்ளத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. புதிதாக வெளிவந்த தோல் வெறுமையாக நிற்கிறது, அடுத்த கோடையில் இன்னும் வேகமாகப் பொடிக்கும். இப்போதுதான் மெழுகு. பெருக்கிச் சுத்தம் செய்து காலியாகப் போட்ட வீட்டுக்கு, போன தீய ஆவி வேறு ஏழு ஆவிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது என்று இயேசு சொன்னது நினைவிருக்கும். சாம்பல் புதனன்று குடியை நிறுத்திய சகோதரர்களே, மாலை ஆறு மணிக்குக் கையில் என்ன வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? அந்த நேரத்தில் வீட்டில் யாரோடு உட்காரப் போகிறீர்கள்? உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் காத்திராமல் இந்த வாரமே இதை உங்கள் மனைவியிடம் பேசுங்கள். மெழுகும் ஒருமுறை தடவினால் நிலைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும், நல்ல தார்ப்பாய் போட வேண்டும் என்று அந்த மாமன் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பங்கில் ஒப்புரவு அருளடையாளம் எந்தெந்த நாளில் என்பது கோவில் அறிவிப்புப் பலகையில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த நேரத்தில் கடலில் இருக்கும் நம் சகோதரர்களையும், கரையில் காத்திருப்பவர்களையும் எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.