பார்த்த பிறகு எல்லாமே ஈஸிதான்: எலும்பு முறிவுக் கட்டும் ஒரு பேட்டன்ட் வழக்கும்

கை உடைஞ்சா போடுற மாவுக்கட்டு எல்லாருக்கும் தெரியும். ஈர மாவை டாக்டர் கையாலயே தடவித் தடவி, கையோட வளைவுக்கு ஏத்த மாதிரி படிய வைக்கலாம். அப்புறம் ஃபைபர்கிளாஸ் கட்டு வந்தது. எடை கம்மி, உறுதி அதிகம். ஆனா ஒரு தொல்லை. அதுல இருக்கிற பிசின், டாக்டரோட கையுறையில ஒட்டிக்கும். தடவிப் படிய வைக்கிறது கஷ்டம்.

அமெரிக்காவுல 3எம் கம்பெனி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது: பிசினோட ஒரு வழுக்குப் பொருளைச் சேர்க்கிறது. அவ்வளவுதான். அதுக்கு பேட்டன்ட்டும் வாங்கினாங்க.

ஜான்சன் அண்ட் ஜான்சனோட எலும்பு மருத்துவப் பிரிவு மேல வழக்கு வந்தப்போ அவங்க வைச்ச வாதங்கள்ல முக்கியமானது, "இது யாருக்கும் தோணக்கூடியதுதானே" என்பது. அமெரிக்கச் சட்டத்துல 1952-லிருந்து இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, பிரிவு 103. அந்தத் துறையில சாதாரணத் திறமை உள்ளவருக்கே எளிதாத் தோணியிருக்கும்னா பேட்டன்ட் கிடையாது.

கேட்டா நமக்கும் அப்படித்தான் தோணுது, இல்லையா? ஒட்டுது, வழுக்குறதைச் சேரு! ஆனா யோசிச்சுப் பாருங்க. கட்டோட அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாத்தான் கட்டு நிக்கும். அதுல போய் வழுக்குற பொருளைச் சேர்க்கத் துணிவு வேணும்.

விடை தெரிஞ்ச பிறகு கேள்வி சுலபமாத் தெரியறது மனுஷ மனசோட பழக்கம். அதனால நீதிமன்றங்கள் வேற சாட்சியையும் பார்க்கும். மத்தவங்க முயற்சி பண்ணித் தோத்தாங்களா? சந்தை வரவேற்றுச்சா? போட்டியாளர் காப்பி அடிச்சாரா? இந்த வழக்குல, 3எம் ஊழியர் ஒருத்தர் திருட்டுத்தனமா அனுப்பின சாம்பிளை எதிர்த்தரப்பு ஆய்வு பண்ணினதும் வெளியே வந்தது. அவ்வளவு எளிதாத் தோணுற விஷயம்னா, அந்த சாம்பிள் எதுக்கு? 1992-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் 3எம் பக்கமே நின்னது. இழப்பீடு 10 கோடி டாலருக்கு மேல.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2007-ல கேஎஸ்ஆர் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெரிஞ்ச பாகங்களைச் சேர்த்து எதிர்பார்த்த பலனே கிடைச்சா அது பேட்டன்ட்டுக்குத் தகுதியில்லாம போகலாம்னு சொல்லிடுச்சு. அதுவும் நியாயம்தான். கட்டுல ஒரு வெல்க்ரோ பட்டையைச் சேர்த்துட்டு 20 வருஷம் உரிமை கொண்டாடினா, விலை ஏறுறது கை உடைஞ்சவருக்குத்தான்.

அதனால அடுத்த தடவை யாரோட டிசைனையாவது பார்த்து "இதென்ன பெரிய விஷயமா"ன்னு தோணினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அப்போ இதை ஏன் முன்னாடி யாரும் செய்யலை? பதில் சில நேரம் அந்த டிசைனுக்கு ஆதரவா இருக்கும், சில நேரம் எதிரா இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!